எங்களைப் பற்றி

நிறைகுடம் தளும்பாது என்றவர்
கழிவுநீர்த் தொட்டியின் மூடியைத்
திறந்து பார்த்ததில்லை.
ஸ்கிர்மந்தே பார்த்திருக்கிறாள்,
பதினான்கு வருடமாய், ஸராஸாய் ஏரியைச் சுற்றி:
பண்ணைகளில், கோடை வீடுகளில்,
ஒருமுறை தேவாலயத்தின் பின்புறத்தில்.

இப்போது அவளுக்கு ஓர் இணையதளம் வேண்டும்.
வேலிக்கம்பத்தில் கட்டியிருந்த தகரப் பலகையைப்
போன மார்ச்சில் பனி வாரும் வண்டி
வாரிக்கொண்டு போய்விட்டது.

டீசல் ரசீதின் முதுகில்
ஐந்து பெட்டிகள் வரைந்தாள்.
முகப்பு. சேவைகள். விலை. தொடர்புக்கு.
ஐந்தாவதற்குப் பெயர் எழுதவில்லை.

முகவரியே முதல் வழக்கு.
குடும்பப் பெயருக்குச் சிட்டுக்குருவி என்று பொருள்;
முதல் எழுத்தின் தலையில் ஒரு குட்டிச் சிறகு.
சிறகோடும் வாங்கலாம்,
ஆனால் யார் அதைத் தேடித் தட்டப்போகிறார்கள்?
சிறகை எடுத்துவிட்டுப் பார்த்தாள்.
கௌனாஸில் பறவைத் தீனி விற்கும் ஒருவர்
முன்பே வளைத்துப் போட்டிருந்தார்.
குருவி, ஒரு சிறு கோடு, தொட்டி:
அது மட்டும் மிச்சமிருந்தது, வருடத்துக்கு ஒன்பது யூரோ.
இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்து படம்.
தளத்தோடு இலவசமாய் ஒன்று வந்தது:
கோட்டுப் போட்ட நான்கு பேர்
ஒரு மடிக்கணினியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.
அவள் தொழிலில் யாரும்
எதையும் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை.
குழாயை எடுத்தாள். மலைப்பாம்பு.
தொட்டியின் வாயை எடுத்தாள். வேண்டாம்.
வேலை முடிந்த பிறகு இருக்கும்
புல்தரையை எடுத்தாள்.
பார்க்க ஒன்றுமே இல்லாத புல்தரை.
இதைத்தானே விற்கிறேன், என்றாள்
எஞ்சினை அணைத்துவிட்டு, யாரும் இல்லாத திசையில்.

விலைப் பக்கம் அரைமணியில் முடிந்தது.
ஐந்து கன மீட்டர், அறுபது யூரோ.
இருபது கிலோமீட்டர் தாண்டினால் தனி.
ஞாயிறு: கெஞ்சினால்.
'கெஞ்சினால்' என்பதை அழித்து
'பேசிக்கொள்ளலாம்' என்று மாற்றினாள்.

ஐந்தாவது பெட்டி பதினொரு நாள் காலியாய்க் கிடந்தது.
எங்களைப் பற்றி.
உங்கள் கதையை இங்கே எழுதுங்கள் என்று
சாம்பல் எழுத்து மினுங்கிக்கொண்டே இருந்தது.

எனக்குத் தமிழில் வசதி:
கேட்பவரைச் சேர்த்தால் நாம், விட்டால் நாங்கள்.
அவள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்.
அந்த ஒரு சொல்லுக்குள் ஔரிமாஸ் இருந்தான்,
இரண்டாவது லாரியும் இருந்தது.
போன இலையுதிர்காலத்தில் இரண்டும் சேர்ந்தே
டூக்ஷ்டாஸுக்குப் போய்விட்டன.
அங்கே அவனுக்கு ஒரு தொழில். இதே தொழில்.

'நான்' என்று எழுதிப் பார்த்தாள்.
பக்கம் ஒல்லியாகிவிட்டது.
ஒற்றை ஆள் இத்தனை நீளக் குழாயை
இழுப்பாளா என்று ஊர் கேட்கும்.
'நாங்கள்' என்று எழுதினாள்.
யார் யார் என்று எண்ணினால்
அவள், லாரி, முப்பது மீட்டர் குழாய்.

நாங்கள் மூன்று மணி நேரத்தில் வந்துவிடுவோம்.
நாங்கள் புல்லைக் கெடுப்பதில்லை.
நாங்கள் யாரிடமும் சொல்வதில்லை.

போதும். வெளியிடு.

முதல் கடிதம்
வெள்ளி விடிகாலை இரண்டே முக்காலுக்கு.
நாளைக்குக் கல்யாணம், நூற்றிருபது பேர்,
தொட்டி இப்போதே பொங்குகிறது.
இன்றைக்கே வர முடியுமா?
நீங்கள் எத்தனை பேர்?
சாப்பாட்டுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

இரண்டு, என்று தட்டினாள். அழித்தாள்.
ஒருத்தி, என்று பதில் போட்டாள்.
ஆனால் நன்றாகச் சாப்பிடுவேன்.

திங்களன்று
யார் யார் வந்தார்கள் என்று திறந்து பார்த்தாள்.
மொத்தம் ஏழு வருகை. நான்கு அவளே.
ஒன்று கல்யாண வீடு.
ஒன்று பிரேசில், ஏதோ இயந்திரமாயிருக்கும்.
இன்னொன்று டூக்ஷ்டாஸ்.
விலையைப் பார்க்கவில்லை, புல்லைப் பார்க்கவில்லை,
'எங்களைப் பற்றி'யில் ஆறு நிமிடம்.

அங்கே இருப்பது மூன்று வரி.